நடுத்தெரு எட்டு நாள் நிலை அலையாய் நின்ற கதை

இந்தக் கதையை முதலில் கேட்ட நாளிலிருந்து ஐந்து வருஷமாக நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு வருஷமாக மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவன் நான். ஒரு தெருவை ஆள் உயரத்துக்குத் தூக்கி இறக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று தாளில் போட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளால் ஆகிற காரியமில்லை. இருநூற்று நாற்பது மீட்டர் தெருவில் மூன்றே வளைவு விழ வேண்டுமானால் அந்த ஓசை மனிதக் காதுக்கே எட்டாது. இதையெல்லாம் ஒருமுறை ஃபோனில் விளக்கிச் சொன்னபோது, கதையை எனக்குச் சொன்ன தங்கபுஷ்பம் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "கணக்கு சரியாத்தான் சார் இருக்கு, ஆனா ஆடுச்சு" என்றார்.

தொற்றுக் காலத்தில் பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தபோது சமையலறைக் கதவில் வெள்ளைச் சார்ட்டை ஒட்டி நானே செல்ஃபோனில் பாடங்களைப் பிடித்து இணையத்தில் ஏற்றினேன். மொத்தம் இருபத்துமூன்று. பதினான்காவது, நிலை அலைகள். அதில் ஒரு சீரான ஓசையை ஓடவிட்டு "இதைக் கவனியுங்கள்" என்று நான் சொல்லும் நேரத்தில் கேஸ் சிலிண்டர்காரர் கதவைத் தட்டினார். சிலிண்டரை உள்ளே உருட்டி வைத்து, கையெழுத்துப் போட்டு, அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துத் திரும்பப் பதினோரு நிமிஷம் ஆயிற்று. பதினோரு நிமிஷமும் அந்த ஓசை தன்பாட்டுக்கு ஓடியது. வெட்டி எடுக்க எனக்குத் தெரியவில்லை, அப்படியே ஏற்றிவிட்டேன். நாற்பத்தொரு தடவை அந்தப் பாடம் பார்க்கப்பட்டிருந்தது. அதில் பெரும்பாலானவை ஒரே ஆள் பார்த்தவை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அந்த ஆள் தங்கபுஷ்பம். கூவலூர் ரேஷன் கடையில் அரிசி எடை போடுகிறவர், அப்போது வயது முப்பத்தொன்பது. தராசுக்கும் பில் போடும் நாற்காலிக்கும் நடுவே நாலடி தூரம். அந்த நாலடியைக் கடக்க பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும். இருபத்தொரு வருஷத்துக்கு முன் எல்லாப் பாடத்திலும் தேறி இயற்பியலில் மட்டும் விழுந்தவர். நாற்காலி இந்தக் கதை நடந்த வருஷம் காலியாக இருந்தது. அடுத்த வருஷம் அவர் வயது விண்ணப்பத்துக்குள் அடங்காது. தேர்வு பங்குனியில் ஒரு திங்கட்கிழமை. ஊர் மாரியம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டியது அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. பார்க்க வேண்டிய பாடம் பத்து மிச்சமிருந்தது.

காப்புக் கட்டிவிட்டால் கூவலூரில் இரண்டு கட்டுப்பாடு. பொழுது சாய்ந்தபின் யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. நடுத்தெருவின் இரண்டு முனையிலும் கட்டிய குழாய்கள் காப்பு அவிழ்க்கும்வரை வாயை மூடக் கூடாது. மேற்கே அம்மன் கோயில் வாசலில் ஒரு குழாய், கிழக்கே அரிசி ஆலைச் சுவரில் ஒரு குழாய், ஒன்றையொன்று முறைத்துப் பார்த்தபடி கட்டுவது மைக்செட் குருவையாவின் பழக்கம். அப்படிக் கட்டினால்தான் எந்த வீட்டுக்காரரும் தன் வீட்டுக்குச் சாமி பாட்டு குறைவாக வந்தது என்று சண்டைக்கு வர மாட்டார் என்பது அவர் அனுபவம்.

புதன்கிழமை காலையில் தங்கபுஷ்பம் ஃபோனைக் காதோடு ஒட்டிப் பிடித்தபடி குருவையாவிடம் போய் நின்றார்.

"அண்ணே, ஒரு மணி நேரம் நிறுத்துங்க. பதினாலாம் பாடத்துல ஒரு வார்த்தை காதுல விழல."

"நிறுத்தவா? காப்புக் கட்டியாச்சு தாயி. குழாய் வாய மூடினா அம்மன் கோவம் என் ஆம்ப்ளிஃபையர் மேலதான் இறங்கும். ஒனக்கென்ன, நீ பாட்டுக்குப் போயிருவ."

"பாட்டுதான் போடணும்னு அம்மன் சொல்லுச்சாக்கும்?"

குருவையா ஒயரைக் கையில் பிடித்தபடி யோசித்தார். "வாய மூடக் கூடாதுன்னுதான் இருக்கு. என்ன பேசணும்னு இல்ல."

"அப்ப என் பாடத்தப் போடுங்க."

"தெருவே கேக்கும் தாயி."

"கேக்கட்டும். எனக்கு முன்னாடி எவளாவது தேறினா தேறிட்டுப் போறா."

இப்படித்தான் நான் போயிராத ஓர் ஊரில் என் குரல் இரண்டு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் கிளம்பி நடுத்தெருவுக்குள் நடந்துபோயிற்று. எதிரெதிராக வரும் இரண்டு ஒத்த அலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் தெரியாது என்றார்கள், ஓசை ஓடத் தொடங்கியது, கதவு தட்டப்பட்டது, "யாரோ வந்திருக்காங்க சார், போய்ப் பாருங்க" என்று இரண்டு மூன்று வீட்டிலிருந்து குழாயைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள், நான் போனேன். இரண்டாம் நிமிஷத்தில் குடங்களில் தண்ணீர் சாய்ந்து நிமிர்ந்தது, மூன்றாம் நிமிஷத்தில் திட்டுத் திட்டாகத் தெருவின் சிமெண்டு மூச்சு வாங்கியது, நாலாம் நிமிஷத்தில் நடுவிலிருந்த பதினாலு வீடுகள் கோழியும் ஸ்கூட்டரும் கொடியில் காயும் சேலையுமாக ஒரு ஆள் உயரத்துக்கு எழுந்தன, அவை எழ இரு பக்கத்து வீடுகளும் அதே அளவுக்கு இறங்கின, பிறகு அவை ஏற இவை இறங்கின, ஒரு செங்கல் விரியவில்லை, ஒரு ஓடு நழுவவில்லை. தெரு மூன்று வளைவாக நின்று ஆடியது. கோயில் அசையவில்லை, ஆலைச் சுவர் அசையவில்லை. நடுவே வளைவும் வளைவும் சந்திக்கும் இரண்டு இடங்களும் அசையவில்லை. அதில் ஒன்று தங்கபுஷ்பத்தின் வீடு.

பதினோராம் நிமிஷம் நான் திரும்பி வந்து, "மன்னிக்கவும், சிலிண்டர்" என்றேன். தெரு மட்டமாகிவிட்டது. பிறகு கீழ வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "யோவ் குருவையா, இன்னொரு தடவ போடுய்யா!"

விழாக் கமிட்டித் தலைவர் கோமதிநாயகம். அவர் வீடு நடு வளைவின் நட்டநடுவில், மிக உயரமாக ஏறி மிக ஆழமாக இறங்கும் இடத்தில் இருந்தது. கமிட்டி அவர் வாசலில் கூடியது. அம்மன் இதற்கு முன் வேறு எந்தத் தெருவையாவது இப்படி ஆட்டியிருக்கிறாளா என்று ஒருவர் கேட்டார், இல்லை என்று ஆனது, மேலத்தெருக்காரர்கள் இதைப் பார்த்தால் வயிறெரிவார்களா என்று இன்னொருவர் கேட்டார், கண்டிப்பாக எரிவார்கள் என்று ஆனது. கோமதிநாயகம் தீர்ப்புச் சொன்னார்: "காப்புக் கட்டின பிறகு வந்தது, காப்பு அவுக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்." குருவையா அந்தப் பதினோரு நிமிஷத்தை மட்டும் பிரித்தெடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்.

ஒரு தெரு ஆடத் தொடங்கினால் என்ன ஆகும் என்று நான் வகுப்பில் யோசித்ததே இல்லை. வியாழக்கிழமை விடிவதற்குள் பழகிப்போயிற்று. பால்காரர் அசையாத இடத்தில் நின்றுகொள்வார், வீடு அவரைத் தேடி இறங்கி வரும்போது ஊற்றுவார், ஏறுவதற்குள் மிச்சம் கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்தக் கோடையிலும் மேட்டு வீடுகளுக்கு ஏறாத குழாய்த் தண்ணீர், வீடு இறங்கும்போதெல்லாம் பீய்ச்சி அடித்தது, ஒரு இறக்கத்துக்கு அரைக் குடம் என்று பெண்கள் கணக்காகப் பிடித்தார்கள். மாவு பொங்கிப் பொங்கி இட்லி பஞ்சுபோல வந்தது. மூட்டுவலிக்காரர்கள் வளைவின் உச்சியில் எடையில்லாமல் அரை நொடி மிதந்து, அதற்காகவே திரும்பத் திரும்ப எதிர் வீட்டுக்கு உப்பு வாங்கப் போனார்கள். யாரும் அசையாத இடம் அசையும் இடம் என்று சொல்லவில்லை, என் பாடத்தைத்தான் கேட்டிருந்தார்களே, கணு என்றும் எதிர்க்கணு என்றும்தான் பேசினார்கள். "மாப்பிள்ளை வீடு எதிர்க்கணுவாம், பொண்ணு தாங்குமா?" என்று ஒரு சம்பந்தமே ஒரு நாள் தள்ளிப்போயிற்று.

ஓரகத்திகளான இசக்கியம்மாளும் வெள்ளைத்தாயும் ஒரு கிரைண்டருக்காக இரண்டு வருஷமாகச் சண்டையில் இருந்தார்கள். ஒருத்தி முதல் வளைவில், இன்னொருத்தி நடு வளைவில். ஒருத்தி ஏறினால் மற்றவள் இறங்குவாள். இருவர் முகமும் ஒரே மட்டத்தில் வருவது இருவரும் வேகமாகக் கடக்கிற ஒரு நொடியில்தான், அதில் ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் இடம். "எங்க" என்பாள் இசக்கியம்மாள். வீடு ஏறி இறங்கும். "மாமியா." ஏறி இறங்கும். "குடுத்த." தெருவே வேலையை விட்டுவிட்டு அடுத்த வார்த்தைக்குக் காத்திருக்கும். "கிரைண்டர" என்று வந்ததும் ஆளுக்கு ஆள் "நாந்தான் அப்பவே சொன்னேனே" என்பார்கள். ஒரு வசவு முடிவதற்குள் அடுப்பில் சோறு வெந்துவிடும். கோபத்தை அத்தனை நேரம் வாய்க்குள் வைத்துக் காப்பாற்ற யாரால் முடியும்? வெள்ளிக்கிழமை மத்தியானம் வெள்ளைத்தாய்க்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது, நீளமாக எதுவும் தோன்றவில்லை, ஒரே வார்த்தையில் முடிகிறதாக ஒன்று இருந்தது. "சாப்ட்டியா?" என்றாள்.

எல்லோரும் இப்படிக் குதியாட்டம் போட, தங்கபுஷ்பம் மட்டும் படிக்க முடியாமல் தவித்தார். தெருவில் கட்டிப்போடாதவை எல்லாம் ஆடி ஆடி நகர்ந்து அசையாத இடத்துக்குத்தான் வந்து சேரும். கோலமாவு அவர் வாசலில் வரப்பாகக் குவிந்தது. செருப்புகள் ஜோடி தப்பாமல் வந்தன, கோழிகள் வந்தன, யாருடையதோ ஒரு பல்செட் வந்தது. அவற்றைத் தேடி ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள், ஊசியில் நூல் கோக்க இதுதான் இடம், ஆடாமல் சவரம் பண்ண இதுதான் இடம், டீ சிந்தாமல் குடிக்க இதுதான் இடம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். பகலெல்லாம் கடையில் எடை போட்டுவிட்டு வந்தால் வீட்டில் கால் வைக்க இடமில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்த ஓசை இருக்கிறதே, அது அவர் வீட்டில்தான் மண்டையைப் பிளந்தது. இயர்போனை மாட்டினால் எலும்பு வழியாக ஏறியது.

இங்கேதான் நான் வருகிறேன். பதினான்காம் பாடத்தில், ஓசையை ஓடவிடுவதற்கு முன்னால், நான் ஒரு வேடிக்கை பேசியிருந்தேன். "கணு என்றால் அசைவே இல்லாத இடம். அசைவில்லாத இடத்தில் ஓசை ஏது? அங்கே போய் உட்கார்ந்தால் நிம்மதியாகப் படிக்கலாம்." காற்றில் நிற்கும் அலைக்கு இது நேர்த் தப்பு. கயிற்றை மனத்தில் வைத்துக்கொண்டு காற்றைப் பற்றிப் பேசினால் வருகிற தப்பு; வருஷக்கணக்காக "இங்கேதான் எல்லாரும் சறுக்குவீர்கள்" என்று பிள்ளைகளை எச்சரித்த இடத்திலேயே நான் சறுக்கியிருந்தேன். தங்கபுஷ்பம் அதை நம்பினார். தன் காதில்தான் கோளாறு என்று நினைத்து, கணுவாகிய தன் வீட்டில், பஞ்சை அடைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை இரவுவரை, சார் இல்லை என்று சொன்ன சத்தத்துக்குள் உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் போயிற்று.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் எழுந்து தெருவை நடந்து அளந்தார். கோயிலருகே காது கிழிந்தது. இசக்கியம்மாள் வீட்டு வாசலில், ஏறி இறங்கும் அந்த இடத்தில், ஓசை கிணற்றுக்குள் போட்டதுபோல அமுங்கிப்போயிற்று. தன் வீட்டில் மறுபடி கிழிந்தது. கோமதிநாயகம் வீட்டில் தன் மூச்சு தனக்குக் கேட்டது. மூன்று தடவை நடந்தார். பிறகு தன் வாசலில் குவிந்திருந்த செருப்பையும் கோழியையும் சவரம் பண்ணுகிறவர்களையும் பார்த்தபோது அவருக்குப் புரிந்துவிட்டது: அசையாத இடத்தில்தான் இரண்டு பக்கத்துக் காற்றும் வந்து நெருக்கும், நெருக்குகிற இடத்தில்தான் சத்தம். நிற்கிற வீட்டில் இரைச்சல், அமைதியான வீட்டில் ஆட்டம். இரண்டும் சேர்ந்து யாருக்கும் கிடையாது.

கோமதிநாயகம் மூன்று நாளாக எதுவும் வயிற்றில் தங்காமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். தலைவர் என்பதால் வெளியே சொல்ல முடியவில்லை.

"அண்ணாச்சி, பொங்கல் முடியிற வரைக்கும் உங்க வீடு எனக்கு வேணும். எங்க வீட்ட நீங்க எடுத்துக்கிடுங்க. அசையாது."

கோமதிநாயகம் எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுத்தார். "சத்தம்?"

"காது போயிரும்."

"காது போனாப் போகுது, கொடல் நிக்கணும். சாவிய எடு."

வெளியூரில் தங்கக் கூடாதே தவிர அடுத்த வீட்டில் தங்கலாம். தங்கபுஷ்பம் கடைக்கு இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு அந்த வீட்டின் தூணில் தன்னை ஒரு சேலையால் கட்டிக்கொண்டு பதினைந்தாம் பாடத்தைத் தொடங்கினார். முதல் பாடத்தில் இரண்டு தடவை வாந்தி. அடுத்ததில் ஒரு தடவை. பிறகு உடம்பு தாளம் பிடித்துக்கொண்டது. ஏறும்போது கேட்பார், இறங்கும்போது எழுதுவார், உச்சியில் எடையற்றுப்போகும் அரை நொடியில் புரியாதது புரியும். ஒளியை ஏறியபடி படித்தார், மின்சாரத்தை இறங்கியபடி படித்தார், அணுக்கருவை அதன் எடையே இல்லாத இடத்தில் படித்தார். ஞாயிற்றுக்கிழமை பொழுது அடைவதற்குள் ஒன்பது பாடமும் முடிந்தன. கீழே இறங்கியபோது தெருவே "தேறிட்டியாட்டி?" என்று கேட்டது, தேர்வு நாளைக்குத்தான் என்பது யாருக்கும் நினைவில்லை.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் போனார். தேர்வு அறையில் அவர் இடமும் வலமுமாகச் சாய்வதைப் பார்த்துக் கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்தார்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் மேடம். பெஞ்சு ஆட மாட்டேங்குது, அதான்."

வினாத்தாளில் மூன்றாவது கேள்வி, ஒரு மதிப்பெண்: காற்றுத் தம்பத்தில் உண்டாகும் நிலை அலையில் ஓசை மிகுந்து கேட்கும் இடம் எது, கணுவா, எதிர்க்கணுவா? இருபத்தொரு வருஷத்துக்கு முன் அவர் விழுந்தது ஒரே ஒரு மதிப்பெண்ணில். தெரு ஒன்று சொல்லியிருந்தது, வீடியோவில் சார் வேறொன்று சொல்லியிருந்தார். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன் என்று மட்டும் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

பொழுது சாய்வதற்குள் ஊருக்குள் வந்துவிட்டார். மறுநாள் பொங்கல். வாசலுக்கு வாசல் பானை ஏற்றினார்கள், அடுப்புப் புகை வளைவைப் போலவே வளைந்து நின்றது, முதல் வளைவும் மூன்றாம் வளைவும் உச்சிக்கு ஏறிய அதே கணத்தில் அந்த வீடுகளின் பானைகள் அத்தனையும் ஒன்றாகப் பொங்கி வழிந்தன, குலவை அங்கிருந்து எழுந்தது, அவை இறங்க நடு வளைவு ஏற அந்தப் பானைகள் பொங்கின, குலவை இங்கிருந்து எழுந்தது. அங்கே, இங்கே, அங்கே, இங்கே என்று குலவை தெருவைப் பிடித்து உலுக்க, சப்பரம் தூக்கியவர்கள் மேட்டில் அம்மனுக்கு எடையே இல்லை என்று சிரித்தார்கள், பள்ளத்தில் எங்க அம்மாவுக்கு எத்தனை கனம் என்று சிரித்தார்கள். காது கேளாத கோமதிநாயகம் கணுவில் நின்றபடி எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் "ஆமா ஆமா" என்றார். புதன்கிழமை காப்பு அவிழ்த்தார்கள். குருவையா ஒயரைச் சுருட்டினார். தெரு படுத்துக்கொண்டது. ஒரு வாரம்வரை ஆட்கள் வாசலில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த மாதக் கடைசியில் பதினான்காம் பாடத்தின் கீழே ஒரு கருத்து வந்திருந்தது. "சார், கணுவில்தான் சத்தம். நான் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன்." கீழே ஃபோன் நம்பர். படித்ததும் எனக்கு முகம் எரிந்தது, தப்பு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அழைத்தேன், முழுக் கதையையும் சொன்னார். நான் பாடத்தைத் திருத்தவில்லை. தெரு ஆடியது என்கிற ஒருவர் பேச்சைக் கேட்டா ஒரு பாடத்தைத் திருத்துவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கதை நடக்க முடியாததாக இருந்தது எனக்கு எத்தனை வசதியாகப் போயிற்று! வருஷா வருஷம் பங்குனியில் அவர் அழைப்பார், நான் கணக்கைச் சொல்வேன், அவர் ஆடுச்சு என்பார். ஒரு தடவைகூடத் தேர்வு முடிவை நான் கேட்கவில்லை. அவர் சொல்ல வருகிறார் என்று தோன்றினால் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

போன மாதம் பாடத்தை எடுத்துவிட்டு, சரியாக ஒன்றை ஏற்றிவிட்டு, கூவலூருக்குப் பஸ் ஏறினேன். தெருவில் விசாரித்தேன். "ஆட்டமா? ஆடுச்சு, ஆடுச்சு. ஆனா அதுக்கு அடுத்த வருஷம் வச்ச கரகாட்டத்துக்கு ஈடாகாது" என்று கோமதிநாயகம் என் காதில் கத்தினார். ரேஷன் கடையில் பெரிய வரிசை. பில் போடும் நாற்காலியில் தங்கபுஷ்பம் உட்கார்ந்திருந்தார்.

குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "சிலிண்டர் சார்!" என்றார். வரிசையே திரும்பிப் பார்த்தது. எனக்கு ஸ்டூல் போடச் சொன்னார்.

"எவ்வளவு வந்தது?" என்றேன். ஐந்து வருஷம் கழித்து.

"முப்பத்தஞ்சு சார். ஒண்ணு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. அண்ணே, ரேகை விழல, வெரலத் தொடச்சிட்டு வைங்க."

"அந்த மூணாவது கேள்வி..."

"கணுன்னுதான் எழுதினேன். அந்த ஒண்ணு தெரு சொன்னது." மெஷின் சீட்டைத் துப்பியது, கிழித்துக் கொடுத்தார். "மிச்ச முப்பத்துநாலும் நீங்க சொன்னது."

கோபமோ கேலியோ அந்த முகத்தில் இல்லை, நான் நன்றாகப் பார்த்தேன். வரிசையில் அடுத்த விரல் வந்துவிட்டது. அது மெஷினில் படுவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"பதினாலாம் பாடம் தப்புன்னு சனிக்கிழமை காலையில உங்க காதாலயே கேட்டுட்டீங்க. அதுக்குப் பிறகும் தூண்ல கட்டிக்கிட்டு, வாந்தி எடுத்துக்கிட்டு, மிச்ச ஒன்பதையும் என்னை நம்பி எப்படிம்மா கேட்டீங்க?"

"சிலிண்டருக்குப் போனதுக்கே மன்னிப்புக் கேட்டவரு வேணும்னு தப்புச் சொல்ல மாட்டாருன்னுதான் சார்" என்றபடி அடுத்த விரலை மெஷினில் வைக்கச் சொன்னார்.